நர்ஸ் குறுக்கே போகிறாள்

...கதவு நகர்வதைப் பார்த்து மயங்கக் கூடாது, திரையில் கதவு நகரத்தான் செய்யும், சொன்னால் மலைகூட நகரும், அங்கே இரும்புக்கு எடை இல்லை, துரு இல்லை, எந்தக் கீலும் கிறீச்சிடாது, ஒரு பட்டை இன்னொரு பட்டைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தாலும் யாருக்கும் வலிக்காது... அதனால் நான் கதவைப் பார்ப்பதில்லை, கதவைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன், எது எதைத் தள்ளுகிறது, எது எதற்கு வழிவிடுகிறது. சின்னவர் அப்படியில்லை. கம்பெனியை ஆரம்பித்தவரின் மகன், கதவு செய்யும் கம்பெனிக்கே வாரிசு, ஆனால் ஒரு கதவு திறந்தால் முதல் தடவை சர்க்கஸ் பார்க்கிற பிள்ளை மாதிரி வாயைப் பிளப்பார். இப்போதும் பிளந்திருக்கிறார். பக்கத்தில் விற்பனைக்காரர், அவர் வாய் எப்போதுமே திறந்துதான் இருக்கும், "பாருங்க சார், எவ்வளவு ஸ்மூத்தா போகுது பாருங்க," ஸ்மூத்தாகப் போகாமல் என்ன செய்யும், போகச் சொல்லி வரைந்திருக்கிறது, போகிறது. ஆஸ்பத்திரி வார்டுகளில் கழிவறைக்கு வைக்கிற கதவு, சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும், சக்கர நாற்காலியில் இருப்பவர் உள்ளிருந்து ஒரு கையால் திறக்க வேண்டும், கரண்ட் போனாலும் திறக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டது அவ்வளவுதான். வெளியிலிருந்து வந்த வடிவமைப்புகளில் இது கடைசி. மற்றதையெல்லாம் காலையிலிருந்து ஓடாது, ஓடாது என்று நான் தள்ளியாகிவிட்டது, என் வேலையே அதுதான், அனிமேஷனைப் பார்த்து நிஜத்தில் ஓடுமா ஓடாதா என்று சொல்வது, சொன்னதற்குக் கிடைத்த பட்டம் முட்டுக்கட்டை. முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள். முதுகுக்கும் காது உண்டு என்பது இங்கே யாருக்கும் தெரியவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது, முடிந்ததும் தானே தொடங்கும்படி வைத்திருக்கிறான் யாரோ... யாரோ என்ன யாரோ. கைப்பிடியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பல பேர் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த மாதிரி அந்தக் கைப்பிடியின் நடுவில் மட்டும் ஒரு பளபளப்பு, இன்னும் செய்யவே செய்யாத கதவுக்குத் தேய்மானம் வரைகிற ஆள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான், அவர் இன்று காலை நான் கிளம்பும்போது பின்னறையைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார், போயிட்டு வரேங்க என்றதற்கு ம் என்றார். அந்த ம்-இல்தான் எங்கள் குடித்தனம் நடக்கிறது. பெயர் போடக் கூடாது, எண் மட்டும்தான் போட்டு அனுப்ப வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்ததே நான், வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சே வரக் கூடாதென்று, இப்போது என் வீட்டுக்காரரே ஒரு எண்ணாகி என் எதிரில் வந்து நிற்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்வார்? அவர் இங்கே வேலையில் இருந்தபோது, இதே அறையில், அவர் செய்த பஸ் கதவை ஓடாது என்று சொன்னவள்தானே நான். வீட்டிலேயே சொன்னேன், சாப்பிடும்போது சொன்னேன், படுக்கும்போது சொன்னேன், மறுபடியும் ஆரம்பித்தபோது டீவி சத்தத்தைக் கூட்டினார், அப்புறம் இங்கே எல்லோர் முன்னாலும் கேட்டார்கள், சொன்னேன். "வீட்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் வீட்டுக்கு வந்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலையை விட்டார், சொந்தமாகச் செய்யப் போகிறேன் என்றார், சொந்தபந்தமெல்லாம் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது, "புருஷன்தானே, கொஞ்சம் விட்டுக்குடுத்திருக்கலாம்," என்று என் அண்ணியே சொன்னாள், எதை விட்டுக்கொடுப்பது, நான் விட்டுக்கொடுத்தாலும் அந்தக் கதவு ஓடியிருக்காது, கதவுக்கு எங்கள் கல்யாணத்தைப் பற்றி என்ன அக்கறை. நான் சொன்னது சரி. தப்பாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் மன்னித்திருப்பார்கள்.

சரி, யார் செய்தது என்பதை மறந்துவிட்டுப் பார், என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், சொல்வதற்கென்ன... கதவுக்கு மேலே இரண்டு இரும்புப் பட்டைகள், ஒன்றின் முனை சுவரில், இன்னொன்றின் முனை கதவில், நடுவில் ஒரு பின் போட்டு இரண்டையும் இணைத்திருக்கிறது, நம் கையும் முழங்கையும் மாதிரி. கதவை ஒதுக்கினால் கை மடங்குகிறது, சாத்தினால் நீள்கிறது, முழுக்கச் சாத்தியதும் இரண்டு பட்டையும் ஒரே நேர்க்கோட்டில் விறைத்து நின்று கதவைப் பூட்டிவிடுகின்றன, தனியாகப் பூட்டு வேண்டாம், தாழ்ப்பாள் வேண்டாம், கரண்ட் இருக்கிற நேரத்தில் நடுமூட்டைத் தட்டி மடக்க ஒரு சின்ன மோட்டார். அழகு, சொல்லத்தான் வேண்டும், காலையிலிருந்து பார்த்த குப்பைக்கு நடுவில் யோசித்துச் செய்தது இது ஒன்றுதான், எனக்குப் பெருமையாகக்கூட இருக்கிறது, வெட்கங்கெட்ட மனசு... பட்டையின் கனம் சுவரில் இடிக்கிறதா, இல்லை, இடம் விட்டிருக்கிறார். கீழே சக்கரம் தடத்தை விட்டு ஏறுமா, ஏறாது. நாற்காலி நுழைய அகலம் போதுமா, தாராளம். ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க ஓடும் என்கிற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஓடும் என்று மட்டும் சொன்னால்... சின்னவர் இன்றைக்கே கூப்பிடச் சொல்வார், மனுஷன் சவரம் செய்துகொள்வார், சட்டைக்கு இஸ்திரி போடுவார், இங்கே முன்வாசல் வழியாகத் தலைநிமிர்ந்து வருவார், வீட்டில் தட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போகாமல் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார், பேசுவார். ஒரே ஒரு வார்த்தை. உள்ளதை உள்ளபடி சொல்லிச் சொல்லி நான் என்னத்தைக் கண்டேன், ஒரு தடவை வாயை மூடிக்கொண்டால் குடிமுழுகிவிடுமா?

முழுகும். உள்ளே ஒருவர் நாற்காலியில் இருக்கிறார், கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை, கைப்பிடியைப் பிடித்துக் கதவைப் பக்கவாட்டில் தள்ளுகிறார், அந்தத் தள்ளல் அப்படியே நேராக நிற்கிற பட்டைகளின் நீளத்துக்கே போகிறது, சுவரில் முட்டுக்கொடுத்த கம்பை மறுநுனியில் தள்ளினால் கம்பு மடங்குமா, சுவரைத்தான் தள்ளும், நடுமூட்டை யாராவது மேலேயோ கீழேயோ தட்டிவிட்டால்தான் மடங்கும், தட்டிவிட அங்கே யார் இருக்கிறார்கள்... அவர் தள்ளுவார், இன்னும் பலமாகத் தள்ளுவார், பலமாகத் தள்ளத் தள்ள அது இன்னும் விறைக்கும், கூப்பிடுவார், வார்டில் அந்த நேரத்தில் யார் காதில் விழும்? பட்டைகள் கொஞ்சம் மடங்கியே நிற்கும்படி வைத்தால் திறக்கும், ஆனால் பூட்டாது, இந்த வடிவத்தின் பெருமையே அந்த நேர்க்கோடுதான், அது செத்துப்போகிற இடமும் அதேதான். அப்படியானால் திரையில் மட்டும் எப்படித் திறக்கிறது, அங்கே காட்டுவதும் கரண்ட் போன நேரத்தைத்தானே? நேராக நிற்கிற பட்டை முதல்முதலாக மடங்கத் தொடங்குகிற நொடி, எப்போதும் நான் பார்ப்பது அந்த நொடியைத்தான், இன்றைக்கு மட்டும் ஏன் கண்ணில் படவில்லை... "கொஞ்சம் நிறுத்துங்க," என்றேன். விற்பனைக்காரர் நிறுத்துவதற்குள் கதவு பாதி திறந்துவிட்டது. "பின்னால போங்க." போனார், போனவர் ஒரேயடியாக ஆரம்பத்துக்கே போனார். சுவரைக் கண்ணாடி மாதிரி வரைந்து உள்ளே இருப்பவரைக் காட்டியிருக்கிறது, நாற்காலிக்காரர் கையை நீட்டுகிறார், கைப்பிடியைப் பிடிக்கிறார், அந்த நேரம் பார்த்து நடைகூடத்தில் ஒரு நர்ஸ் மருந்துத் தட்டோடு நமக்கு ரொம்பப் பக்கத்தில் குறுக்கே நடந்துபோகிறாள், அவள் தலை திரையின் மேல்பாதியை ஒரு நொடி அடைத்துக்கொள்கிறது. "நர்ஸெல்லாம் வச்சிருக்கான் பாரேன்!" என்று சின்னவர் சிரித்தார். அவள் வருவதற்கு முன் பட்டைகள் நேராக இருக்கின்றன. அவள் போன பின் மடங்கியிருக்கின்றன. நடுவில் அவளுடைய வெள்ளைத் தொப்பி.

தற்செயலாக இருக்கக் கூடாதா... ஆஸ்பத்திரி என்றால் நர்ஸ் நடக்கத்தானே செய்வாள், கொஞ்சம் உயிரோட்டமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கலாம், யாராவது இப்படி ஒரு சாக்கை எனக்குச் சொன்னால் இந்த நிமிஷம் நம்பத் தயாராக இருக்கிறேன். ஆனால் எதை மறைக்க வேண்டும் என்று தெரியாதவன் இவ்வளவு கச்சிதமாக மறைக்க மாட்டான். அவருக்குத் தெரிந்திருக்கிறது. மடங்காது என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறார். அப்போதுதான் அந்தச் சாயங்காலம்... சில மாதத்துக்கு முன்னால், நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், பின்னறையிலிருந்து எழுந்து வந்து கதவோரம் சாய்ந்து நின்றார், "ஒரு அனிமேஷன் வந்தா நீ முதல்ல எதைப் பாப்பே?" என்றார். என் கை அப்படியே நின்றுவிட்டது. இங்கிருந்து போன பிறகு என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி, கேள்வி என்றே முதல் கேள்வி, சோறு ஆச்சா என்பதைத் தவிர. நான் கொட்டிவிட்டேன், மூட்டைத்தாங்க பாப்பேன், நேரா நிக்கிற பட்டை மடங்க ஆரம்பிக்கிற நொடி, மத்ததெல்லாம் வெறும் பூச்சு, கையை நீட்டி மடக்கிக் காட்டினேன், விரலில் வெங்காயத்தோல் ஒட்டியிருந்தது. அவர் சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டார், "அந்த நொடி தெரியலேன்னா?" என்றுகூடக் கேட்டார், தெரியலேன்னா இன்னொரு தரம் பாப்பேன், என்றேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி. அன்றைக்குப் படுத்தபின் நான் தூங்கவில்லை, சந்தோஷத்தில். இத்தனை வயதில், ஒரு கேள்வி கேட்டுவிட்டார் என்பதற்கு. திருடன் வந்து எந்த ஜன்னல் திறந்திருக்கும் என்று கேட்டிருக்கிறான், நான் விளக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

"என்ன மேடம், ஓடுமா ஓடாதா? ஆஸ்பத்திரிக்காரங்க மத்தியானம் ஃபோன் பண்ணுவாங்க," என்றார் சின்னவர். இப்போதுகூடச் சொல்லலாம், ஓடும் என்று, எனக்குத் தெரிந்தது அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்துவிட்டுப் போகட்டும், உள்ளே உட்கார்ந்திருக்கிற அந்த மனிதர் யாரோ எவரோ... "ஓடாது சார்," என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. "கரண்ட் போனா உள்ள இருக்கறவர் மாட்டிக்குவார். மேல இருக்கற பட்டை ரெண்டும் நேரா நிக்குது, அவர் எவ்வளவு தள்ளினாலும் மடங்காது." விற்பனைக்காரர் கூரையைப் பார்த்தார், உதடு வரைக்கும் வந்த என் பட்டப்பெயரை விழுங்கிக்கொள்கிறார், விழுங்கட்டும். சின்னவர் முகம் தொங்கிவிட்டது. "எந்தப் பட்டை மேடம்?" என்றார். உண்மையாகவே கேட்கிறார். இவ்வளவு நேரம் கதவையும் நாற்காலியையும் நர்ஸையும் பார்த்தவர், மேலே பட்டை என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது, விற்பனைக்காரரும் எட்டிப் பார்க்கிறார், அவருக்கும் இப்போதுதான்.

அப்படியென்றால் இவர்களிடமிருந்து எதையும் மறைக்க வேண்டியதே இல்லை. பட்டைகளைப் பட்டப்பகலில் விட்டிருந்தாலும் இந்த அறையில் ஒருத்தர் கண்ணும் அந்தப் பக்கம் போயிருக்காது, என் கண்ணைத் தவிர. நர்ஸ் எனக்காக நடக்கிறாள். என் ஒருத்திக்காக. பின்னறையைச் சாத்திக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார், அவள் தட்டில் சின்னச் சின்ன மருந்துக் கிண்ணங்கள், சீருடையில் மடிப்பு, காலை வைக்கும்போது தோள் லேசாக இறங்குகிறது, இதெல்லாம் சும்மா வந்துவிடாது... என் கண் எங்கே போகும், எப்போது போகும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று நாள் முழுக்க என்னையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார், நான் வெளியே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. கல்யாணமான புதிதில்கூட என்னை இவ்வளவு யாரும் நினைத்ததில்லை. எனக்கென்று அவர் உட்கார்ந்து செய்தது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொன்னால் இவளைத்தான் காட்ட வேண்டும்.

விற்பனைக்காரர் மடிக்கணினியை மூடப் போனார்.

"மூடாதீங்க. இன்னொரு தரம் போடுங்க," என்றேன்.

"அதான் ஓடாதுன்னுட்டீங்களே மேடம்?"

"ஓடாதுதான். போடுங்க."

சின்னவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஒருவேளை ஓடுமோ என்கிற ஆசை அவர் முகத்தில் திரும்பி வந்துவிட்டது, பாவம். படம் ஓடத் தொடங்கியது, நாற்காலிக்காரர் கையை நீட்டினார், கைப்பிடியைப் பிடித்தார். இந்தத் தடவை நான் பட்டைகளைப் பார்க்கவில்லை, அவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.