ரொம்ப தூரம் போகணும்

அன்று காலை அந்தக் காரைத் தூக்கி நிறுத்தும்போது அண்ணன்காரனுக்குக் கோபம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அவனைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும், அவன் மூக்கு நுனியிலேயே கோபத்தை வைத்துக்கொண்டு திரிகிறவன் என்றுதான் சொல்வார்கள். சொல்வதில் தப்பும் இல்லை. ஆனால் காலையில் அவன் நல்லபடியாகத்தான் இருந்தான். தங்கச்சி போன் செய்திருந்தாள்.

"அண்ணா, வண்டி அங்க வந்திருக்குல்ல? கியர் ஆயிலையும் மாத்திடு. இன்னைக்கே."

"அதுக்கு என்ன இப்ப அவசரம்?"

"ரொம்ப தூரம் போகணும்."

பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "யாருடி அது?"

"ஒர்க்‌ஷாப்புங்க. வண்டி விஷயமா." அவ்வளவுதான், போன் கட்.

ரொம்ப தூரம் போகணும். யார் போகணும் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. நம் பேச்சில் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே. கார் மாப்பிள்ளையுடையது, ஓட்டுகிறவன் மாப்பிள்ளை, மாதம் இரண்டு முறை மேட்டுச் சாலை ஏறி அந்தப் பக்கத்துக் குவாரிக்குப் போய் வருகிறவனும் மாப்பிள்ளை. புருஷன் சொல்லச் சொன்னதைப் பெண்டாட்டி சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். அத்தோடு அதை மறந்தும் போனான்.

அது கியர் போட்டு ஓட்டும் வண்டி இல்லை. ஆட்டோமேட்டிக், அதிலும் சி.வி.டி. என்கிற ரகம். மற்ற கியர் பெட்டிகளில் இருப்பதுபோல அடுக்கடுக்காகப் பல் சக்கரங்கள் இதில் கிடையாது. இரண்டு கப்பி, நடுவில் ஒரு இரும்புப் பட்டை. கப்பிகள் பட்டையை இறுக்கிப் பிடித்தால் வண்டி ஓடும். பிடி விட்டால் இன்ஜின் மட்டும் தொண்டை கிழியக் கத்தும், வண்டி நகராது. அந்தப் பிடியே எண்ணெயில்தான் இருக்கிறது. இதற்கென்று பச்சை நிறத்தில் தனி எண்ணெய் உண்டு. மற்ற ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயை இதில் ஊற்றினால் பட்டை வழுக்கத் தொடங்கும். சமதளத்தில் கொஞ்ச தூரம் சமாளிக்கும். மேடு வந்தால் பெட்டி வெந்துபோகும்.

அடியில் போல்ட்டைக் கழற்றினான். பழைய எண்ணெய் கறுத்துப்போய், கருகிய வாடையோடு ட்ரேயில் கொட்டியது. "வண்டியையும் மனுஷனா நெனச்சு ஓட்ட மாட்டான் போல" என்று முனகிக்கொண்டான். மனுஷியை எப்படி ஓட்டுகிறான் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

எண்ணெய் வடியட்டும் என்று விட்டுவிட்டு, காரை இறக்காமலே கதவைத் திறந்து உள்ளே டார்ச்சை வைக்கப் போனான். அது கை நழுவி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு அடியில் உருண்டுவிட்டது. கையை விட்டுத் துழாவினான். முதலில் ஒரு துணி வந்தது, காய்ந்து விறைத்துப்போன கைக்குட்டை. அதில் இருந்தது ரத்தம் என்று தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மறுபடி கையை விட்டான். சிறியதாக, கெட்டியாக ஏதோ ஒன்று விரலில் உருண்டது.

பல். முன்பல். வேரோடு இருந்தது. அதன் ஒரு மூலை மட்டும் லேசாக உடைந்திருந்தது.

அந்த மூலையை அவனுக்குத் தெரியும். உடைத்ததே அவன்தான். சின்ன வயதில் ஏதோ சண்டை, கையில் கிடைத்த டம்ளரை வீசினான், அது தங்கச்சி வாயில் பட்டது. அம்மா அவன் முதுகுத் தோலை உரித்துவிட்டாள். தங்கச்சிதான் குறுக்கே விழுந்து, "நான்தாம்மா கீழ விழுந்தேன்" என்று பொய் சொன்னாள். அந்த உடைந்த மூலையோடுதான் அவள் கல்யாணப் போட்டோவில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் வீட்டுக்கு வந்தவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டதற்குப் பல்வலி என்றாள். கிராம்பு வை, சரியாகிவிடும் என்று அண்ணன்காரன் வைத்தியம் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, "நானும் அதையேதான் சொல்றேன் மச்சான், எங்க கேக்குறா" என்று சிரித்தான். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தான். காருக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தான்.

தகரம் தட்டிக்கொண்டிருந்த டிங்கர் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவனை எல்லாரும் சுத்தியல் என்றுதான் கூப்பிடுவார்கள். "என்னப்பா, வெறும் வயித்துல டீ குடிச்சியா?"

"ஒண்ணுமில்ல, வேலையப் பாரு."

நல்ல மனுஷனாக இருந்திருந்தால் நேரே போய்த் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பான். குறைந்தது ஒரு போன் செய்து, "என்னம்மா செய்யணும்னு நெனக்கிற?" என்று கேட்டிருப்பான். அவனுக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. அவனுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இந்த வண்டி இன்றைக்கு மேட்டுச் சாலை ஏறும். பாதி மேட்டில், ஆள் அரவமற்ற இடத்தில் நின்றுபோகும். அங்கே தான் காத்திருக்க வேண்டும், கையில் வீல் ஸ்பேனரோடு. ஒர்க்‌ஷாப்பில் அடித்தால் நாலு பேர் விலக்கிவிடுவார்கள். அங்கே விலக்க யாரும் இருக்க மாட்டார்கள். முதலில் வாய். ஒரு பல்லுக்கு அத்தனை பல்லும். அப்புறம் கை, அப்புறம் முட்டி.

அலமாரியில் பச்சை எண்ணெய் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு, பின்னாலிருந்த சிவப்பு டப்பாக்களை எடுத்தான்.

விஷம் வைத்தாலும் வேலையைச் சுத்தமாகச் செய்கிற கை அது. அடித்தட்டைக் கழற்றி, காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புச் சேற்றைத் துடைத்தான். புது ஃபில்டர், புது வாஷர் போட்டான். சிவப்பு எண்ணெயை ஊற்றி, இன்ஜினை ஓட விட்டு, லீவரை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி நிறுத்தி மாற்றினான். எண்ணெய் சூடானதும் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பல்லைக் கைக்குட்டையிலேயே முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

முன்னாலேயே மேட்டுக்குப் போய்க் காத்திருக்க, தன் வேனுக்கு டீசல் போட வேண்டியிருந்தது. சாவியைச் சுத்தியலிடம் வீசினான்.

"வந்தா குடுத்துடு."

"சரி."

பங்கில் கூட்டம். திரும்பி வந்தபோது காரைக் காணோம். சுத்தியல் தரையில் கிடந்தான். உதடு கிழிந்து முகமெல்லாம் ரத்தம், ஒரு தோள் இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய சுத்தியல், அவனைத் தட்டிய ரத்தத்தோடு பக்கத்தில் கிடந்தது.

"யாருடா? யாரு அடிச்சா?"

"உன் மாப்பிள்ளைதான்... வண்டி எங்கன்னு கேட்டான். சொல்ல மாட்டேன்னேன். எலும்ப ஒடச்சிட்டான், வலி தாங்காம சொல்லிட்டேன். என் பைக்க எடுத்துக்கிட்டு பின்னாடியே போயிருக்கான்."

"எது பின்னாடி? வண்டிய அவன்தானே எடுத்திருக்கணும்?"

"இல்லப்பா. முன்னாடியே உன் தங்கச்சி வந்துச்சு. கையில பெரிய பையி. சாவியக் கேட்டுச்சு."

"குடுத்தியா?"

"வந்தா குடுன்ன. வந்துச்சு. குடுத்தேன்."

அண்ணன்காரன் அலமாரியில் தான் தள்ளிவிட்ட பச்சை டப்பாக்களைப் பார்த்தான்.

"எந்தப் பக்கம் போச்சு?"

"மேட்டுச் சாலை. நான் கூட சொன்னேன், ஏம்மா தனியா, தூரமாச்சே, வண்டி வேற நடுவுல நின்னு தொலைச்சா என்ன பண்ணுவேன்னு." சுத்தியல் ரத்தத்தைத் துப்பினான். "சிரிச்சிச்சுப்பா. வாய மூடிக்கிட்டே சிரிச்சிச்சு. எங்கண்ணன் பாத்த வண்டி, எங்கயும் நிக்காதுன்னுச்சு."

ரொம்ப தூரம் போகணும். நான். நான் ரொம்ப தூரம் போகணும் அண்ணா. புருஷன் பக்கத்தில் நிற்கும்போது அதற்கு மேல் அவள் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். இவன்தான் அவள் வாக்கியத்தில் மாப்பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறான்.

பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சுத்தியலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, வேனை எடுத்தான். போனில் கூப்பிட்டுக்கொண்டே போனான். ஸ்விட்ச் ஆஃப். பின்னே, ஓடுகிறவள் போனைத் திறந்தா வைத்திருப்பாள்? நின்றிருக்கக் கூடாது, நின்றிருக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னான். சாமி, இந்த ஒரு தடவை மட்டும் என் வேலை தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

வேலை தப்பாகப் போகவில்லை. மூன்றாவது வளைவில், அவன் மனதில் போட்டு வைத்த அதே இடத்தில், கார் நின்றிருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அடியிலிருந்து புகை. கருகிய எண்ணெய் வாடை வேனுக்குள்ளேயே வந்தது. சுத்தியலின் பைக் சாலையில் சாய்ந்து கிடந்தது. காரின் ஒரு பக்கக் கண்ணாடி நொறுங்கி, தங்கச்சி பாதி உள்ளே பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தாள். முடியைக் கையில் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை இழுத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிச் சில் அவள் வயிற்றில் கீறிக்கொண்டே வந்தது. அவள் கத்தவில்லை. ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவன் முகத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன்காரன் வேனை நிறுத்தவில்லை, அப்படியே இறங்கினான். அது தடுப்புச் சுவரில் போய் முட்டி நின்றது.

வீல் ஸ்பேனர் முதலில் முட்டியில் விழுந்தது. மாப்பிள்ளை முடியை விட்டுவிட்டுச் சுருண்டான். "மச்சான், குடும்ப விஷயம்..." என்று ஆரம்பித்தான். அந்த வார்த்தை முடிவதற்குள் வாயில் விழுந்தது. பற்கள் தாரில் தெறித்தன. அவன் ஹெல்மெட்டை வீசினான், அது அண்ணன்காரனின் புருவத்தைக் கிழித்தது. கண்ணில் ரத்தம் வழிய, எதிரில் இருப்பது கையா தலையா என்று தெரியாமலே அடித்தான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். கடித்தார்கள். மாப்பிள்ளையின் கை முறிகிற சத்தம் காய்ந்த குச்சி ஒடிவதுபோலத்தான் இருந்தது. அது அண்ணன்காரனுக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் மிகவும் பிடித்திருந்தது. இன்னொரு கைக்கும் அதே சத்தம் வருகிறதா என்று பார்த்தான்.

மாப்பிள்ளை அசையாமல் மல்லாந்தபின், நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, ஸ்பேனரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கினான்.

"போதும்."

தங்கச்சி காரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வயிற்றை அழுத்தியிருந்த துப்பட்டா நனைந்து சிவந்திருந்தது. முன்பல் இருந்த இடம் காலியாக இருந்தது. இப்போது அவள் அதை மூடிக்கொள்ளவில்லை.

"போதும். அவன் செத்தா என்னைத் தேடி வருவாங்க. கீழ வை."

வைத்தான். மாப்பிள்ளைக்கு மூச்சு இருந்தது, களக் களக்கென்று.

அவள் காரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "வண்டிக்கு என்ன ஆச்சுண்ணா? கத்துது, போக மாட்டேங்குது. மிதிக்க மிதிக்கப் பின்னாடிதான் வந்துச்சு. நீதானே பாத்த?"

காருக்கு அடியிலிருந்து சிவப்பாக ஒரு கோடு, சரிவில் இறங்கி அவன் செருப்பு வரை வந்திருந்தது. பொய் சொல்ல நினைத்தான். வரவில்லை.

"ஆயில் தப்பா ஊத்துனேன். தெரிஞ்சேதான் ஊத்துனேன். அவன் போவான்னு நெனச்சேன்மா. இங்க நிக்கணும், இங்க வச்சு அவன..." சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினான். "இதப் பாத்தப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியல. உனக்காகத்தாம்மா."

அவள் முடிச்சைப் பிரித்துப் பல்லைப் பார்த்தாள். வெகுநேரம் உடைந்த மூலையையே பார்த்தாள்.

"இதை எடுத்தப்ப எனக்கு ஒரு போன் பண்ணத் தோணலையா உனக்கு?"

அவன் செருப்பில் பட்ட எண்ணெயைத் தாரில் தேய்த்தான்.

"அவனும் அப்படித்தாண்ணா. உனக்காகத்தான்னு சொல்லிட்டுத்தான் அடிப்பான்."

ஸ்பேனரை விட மோசமாக எங்கேயோ பட்டது அது. "சரி வா," என்றான். "வேன் ஓடும், முட்டினதுல பம்பர்தான் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோம். அப்புறம் நம்ம வீட்டுக்கு..."

"போகணும்," என்றாள் அவள்.

அவன் திரும்பி வேனை நோக்கி ஓரடி வைத்தான். நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டான்.

"யாரு?"

"நான்."

கையை நீட்டினாள். "சாவி வேன்லயே இருக்கு" என்று வழி விட்டான். "காயம்மா, ரத்தம் போகுதும்மா" என்றான். "மேலதான் கீறியிருக்கு. அந்தப் பக்கம் இறங்குனதும் பாத்துக்குவேன். அங்க எனக்கு ஆள் இருக்கு" என்றாள். யார் என்று சொல்லவில்லை. அவனிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள், அது அவள் முகத்திலேயே தெரிந்தது. காரிலிருந்து பையை எடுத்துக்கொண்டாள். பல்லைப் புருஷன் கிடந்த இடத்தில் போட்டாள், அவனுடைய பற்களோடு அதுவும் கிடந்தது.

வேன் பின்னால் வந்து, திரும்பி, முதல் கியரில் மேடேறியது. கியர் வண்டி ஓட்ட அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அவன்தான். புருவத்து ரத்தத்தைத் துடைக்காமல், வளைவுகளில் அவள் கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டபடி நின்றான். சத்தம் எங்கேயும் தடுமாறவில்லை. நல்லவேளை, அந்த வேனுக்கு அவன் எதுவும் செய்திருக்கவில்லை.