வெறுங்குரல் குழுவின் சுருக்குப்பை

ஆழ்வாப்பிள்ளை வல்வெட்டித்துறையில் கயிறும் வலைநூலும் விற்கிறவர். கடைக்குச் சாக்கு வந்து இறங்கினால் வாயை அவிழ்த்துப் பார்க்க மாட்டார். குப்புறப் புரட்டிப்போட்டு, அடித்தையலைப் பிரித்துத்தான் பார்ப்பார். நல்ல சரக்கை மேலே போட்டுக் காட்ட எந்தக் குழந்தைக்கும் தெரியும் என்பது அவருடைய கட்சி. தன் சாமான் ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பெயின்ற் பொட்டு வைத்துவிடுவார். தராசு, ஏணி, குடை ஒன்றும் தப்பாது. அவருடைய மகள் தாரிகா யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வந்தபோது வீட்டிலிருந்து கொண்டுவந்தவை இரண்டு: மஞ்சள் பொட்டு வைத்த ஒரு பழைய சைக்கிள், தகப்பனுடைய குணம். சைக்கிள் இடைக்கிடை பழுதாகும். குணம் ஒருநாளும் பழுதாகவில்லை.

அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்தது ‘வெறுங்குரல்’ குழுவில். எட்டுப் பெட்டைகள், ஒரு வாத்தியமும் இல்லை. மேற்குரலுக்கு மூன்று பேர், நடுக்குரலுக்கு மூன்று பேர், அடிக்குரலில் அசையாமல் நிற்க ஒருத்தி, வாயாலேயே தாளம் போட ஒருத்தி. படித்தவர்கள் அதை அகப்பெல்லா என்றார்கள். கன்ரீன் கிறிஸ்ரோபர் அண்ணை, “மிருதங்கம் தூக்கப் பஞ்சிப்பட்ட சோம்பேறிக் கோஷ்டி” என்றார்.

குழுவுக்கு இருபத்திரண்டு வருச வரலாறு உண்டு. பல்கலைக்கழகப் பீடங்களுக்கு இடையிலான ஒரு போட்டியில் கரண்ட் நின்று, கீபோட் செத்து, மேடையில் நின்ற ஐந்து பெட்டைகள் வேறு வழியில்லாமல் வெறும் வாயால் பாடி முதலாம் இடம் வந்தார்களாம். அன்று தொடங்கிய வழக்கங்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வந்தன. புதிதாக ஆள் எடுக்கும்போது பழையவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்துதான் கேட்பார்கள், பாடுகிறவளின் முகத்தைப் பார்த்து இரங்கிவிடக் கூடாது என்று. மேடையில் செருப்பில்லை. கச்சேரியன்று தயிரும் சோடாவும் இல்லை, கொத்தமல்லித் தண்ணி மட்டும். படிப்பு முடித்துப் போகிறவள் வரலாற்றுக் கொப்பியில் ஒரு பக்கம் எழுதிவிட்டுத்தான் போகவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே சுருதி. குழுவில் ஒருத்தி மட்டும் சுருதிக்காரி. பாட்டுத் தொடங்கமுதல் அவள் “ம்ம்” என்று சுருதியைத் தருவாள், மற்ற ஏழு பேரும் அதைப் பிடிப்பார்கள். சுருதிக்காரியைத் தவிர வேறு எவளாவது சுருதி தர வாய் திறந்தால் அன்றோடு அவள் குழுவில் இல்லை. ஒவ்வொரு கச்சேரியிலும் அறிவிப்பாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லுவார்: “எந்தக் கருவியின் துணையும் இன்றி, இருபத்திரண்டு ஆண்டுகளாக வாயிலிருந்து காதுக்கு வந்துகொண்டிருக்கும் அதே ஒரே சுருதி!”

சபை கைதட்டும். தாரிகாவுக்கு மட்டும் சாக்கின் அடித்தையல் ஞாபகம் வரும்.

இப்போதைய சுருதிக்காரி கொழும்புத்துறை ஆரணி. கடைசி வருசம். ஆண்டுக் கச்சேரி முடிய, மேடையில் வைத்து அடுத்தவளின் கையைப் பிடித்துத் தூக்கிப் பதவியைக் கொடுப்பாள். ஒன்றில் தாரிகா, இல்லாவிட்டால் அவளுடைய கூட்டாளி, அடிக்குரல் றொசாந்தி. தாரிகாவுக்கு அந்தப் பதவி வேண்டும். சேர்ந்த நாளிலிருந்தே வேண்டும். ஆனால் வாங்கப்போகிற சாமானைப் புரட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது?

புரட்டிப் பார்க்கக் காரணமும் இருந்தது. ஆரணியிடம் ஒரு சிவப்புச் சுருக்குப்பை. பயிற்சியோ கச்சேரியோ, தொடங்கமுதல் அதை எடுத்துக்கொண்டு இரண்டு நிமிசம் தனியே போவாள். திரும்பி வந்துதான் சுருதி தருவாள்.

“றொசாந்தி, அந்தப் பைக்குள்ளை என்ன இருக்கெண்டு நினைக்கிறாய்?” கன்ரீனில் வடையைப் பிய்த்துக்கொண்டு தாரிகா கேட்டாள்.

“திருநீறாயிருக்கும்.”

“ரெண்டு நிமிசத்திலை உடம்பு முழுக்கப் பூசலாமே.”

“எடியே, உனக்கு ஆர்தான் நல்லவை? போன கிழமை நான் தந்த மாம்பழத்தையும் மணந்து பாத்திட்டுத்தானே திண்டனி.”

“மாம்பழம் மணந்து பாக்கிற சாமான்தானே.”

“கடிச்சாப் பிறகும் மணந்தனி!”

தாரிகா சிரித்தாள், விடவில்லை. அன்றைக்கே தொடங்கி, ஆரணி சுருதி தரும்போதெல்லாம் மடியில் கிடந்த போனில் பதிவுசெய்தாள். பதினான்கு தரம். விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பதினான்கையும் திரும்பத் திரும்பக் கேட்டாள். சுருதி பார்க்கிற அப் ஒன்றை இறக்கி, அதிலும் போட்டுப் பார்த்தாள். ஊசி ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் போய் நின்றது. தடிமன் பிடித்து மூக்கடைத்த நாளும் அதே இடம். பரீட்சை முடிந்து கண் சிவந்து வந்த நாளும் அதே இடம். பிசகியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். மனிசத் தொண்டை இவ்வளவு நேர்மையாக இராது என்பதுதான் அவளுடைய சந்தேகம்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சி முடிய ஆரணி முகம் கழுவப் போனாள். கைப்பை கதிரையில் கிடந்தது. மற்றவர்கள் வெளியே நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாரிகா சுருக்குப்பையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள்.

உள்ளே ஒரு சைக்கிள் பெல்லின் மூடி.

விளிம்பில் துரு. நடு ஓட்டையில் ஒரு கறுப்பு நூல். நூலில் தூக்கிப் பிடித்து நகத்தால் சுண்டினாள். ஒலி மேலே எங்கேயோ நின்றாலும் சுருதி அதே சுருதி, மயிரிழை விலகவில்லை. இருபத்திரண்டு வருசப் பாரம்பரியம் நூலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பதவியை வாங்கினால் இந்தப் பொய்யையும் சேர்த்து வாங்கவேண்டும். ஒருநாள் பிடிபட்டால் மானம் போவது அந்த நேரம் சுருதிக்காரியாய் நிற்கிறவளுக்கு. ஆனால் யார் கண்டது, மூடி வெறும் ஞாபகப் பொருளாகவும் இருக்கலாம். ஒரு சோதனை பாக்கி. ஓடிப்போய்த் தன் சைக்கிள் பெல்லின் மூடியைத் திருகிக் கழற்றினாள். அளவு ஒன்றுதான். நூலை மாற்றிக் கட்டி, அதைச் சுருக்குப்பைக்குள் வைத்து, பழைய மூடியைத் தன் பைக்குள் போட்டாள். வியாழக்கிழமைப் பயிற்சியில் சுருதி மாறினால் ஆள் பிடிபட்டாள். மாறாவிட்டால் ஆரணி அக்காவை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்ளலாம். எப்படியும் அவள் முகம் கழுவப் போகும்போது திருப்பி மாற்றிவிடலாம்.

கணக்குச் சரி. ஆனால் வியாழக்கிழமை மண்டபத்தை ஏதோ ஆய்வரங்குக்குக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளியும் இல்லை. சனி பின்னேரம் நாலு மணிக்கு ஆண்டுக் கச்சேரி.

சனிக்கிழமை தாரிகா ஒரு மணிக்கே போய் நின்றாள். ஆரணி சேலை உடுத்து, சுருக்குப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திறங்கினாள். அதை அவளிடமிருந்து எடுப்பதென்றால் சேலையையும் சேர்த்துத்தான் உருவவேண்டும். போதாததுக்கு, ஆரம்பகாலத்து ஐவரில் ஒருவரான கேதீஸ்வரி ஒஸ்லோவிலிருந்து வந்து முன்வரிசையில் இருக்கிறார் என்று றொசாந்தி மூச்சு வாங்க வந்து சொன்னாள்.

சொல்லிவிடலாம் என்று தாரிகா கிட்டப் போனாள். “ஆரணியக்கா…”

“என்ன?”

“கொத்தமல்லித் தண்ணி வேணுமோ?”

“இப்பதானே ரெண்டு கப் குடிச்சனான். உனக்கு என்ன, முகம் வெளிறிக் கிடக்கு?”

“ஒண்டுமில்லையக்கா.”

ஆரணி திரைக்குப் பின்னால் போனாள். இரண்டு நிமிசம். வந்தாள். எட்டுப் பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் வளைந்து நின்றார்கள். அறிவிப்பாளர் ‘அதே ஒரே சுருதி’ என்று முழங்கினார். சபை அடங்கியது. ஆரணி கண்ணை மூடி, “ம்ம்” என்றாள்.

ஆரணியின் வாயிலிருந்து வந்தது தாரிகாவின் சைக்கிள் பெல்.

தாரிகாவுக்கு அது தெரியாதா? ஊரில் எத்தனை மாட்டை அதால் ஒதுக்கியிருப்பாள். வழக்கத்தைவிட இரண்டு கட்டை மேலே. சந்தேகம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஆரம்பப் பாட்டின் மூன்றாம் அடியில் மிக உயரத்துக்கு ஏறவேண்டிய மேற்குரல் தாரிகாவுடையதுதான். பழைய சுருதியிலேயே தொண்டை நுனியில்தான் நிற்பாள். இதில் ஏறினால் குரல் கிழியும். வளைவில் நின்ற முகங்கள் ஒன்றையொன்று பார்த்தன. எல்லாருக்கும் ஏதோ பிழையென்று தெரிந்தது, என்ன பிழையென்று தெரிந்தவள் ஒருத்திதான்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் பாட்டு உடையும், ஆரணி சபையில் நாறுவாள், முழுக் குழுவும் அவளோடு நாறும். வாயைத் திறந்தால் தாரிகாவுக்குக் குழு இல்லை, பதவியும் இல்லை. இரண்டு மாதமாகக் கேட்ட பதினான்கு பதிவும் தொண்டைக்குள் வந்து நின்றன.

“ம்ம்,” என்றாள் தாரிகா. பழைய சுருதி.

ஆரணி கண்ணைத் திறந்தாள். அடிக்குரல் றொசாந்தி இவளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு மெல்லத் தாரிகாவின் சுருதியில் போய் இறங்கினாள். மற்றவர்கள் ஒவ்வொருத்தியாக அதன் மேல் ஏறினார்கள். பாட்டு உடையாமல் நின்றது.

முதற்பகுதி முடிந்து திரை விழுந்ததும் ஆரணி தாரிகாவை உடுப்பு மாற்றுகிற அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். சுருக்குப்பையிலிருந்து மூடியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். உட்பக்கம் ஒரு மஞ்சள் பொட்டு.

“இது ஆற்றை?”

“என்ரை.”

“அப்ப என்ரை?”

“என்ரை பைக்குள்ளை கிடக்கு.”

“களவெடுத்தனியோ?”

“மாத்தினனான். களவெண்டால் பதிலுக்கு ஒண்டும் வைக்கமாட்டினம்.”

“இஞ்சை நிண்டு கடை நடத்தாதை!” ஆரணி மூடியை அவளுடைய முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

“வாயிலையிருந்து காதுக்கு எண்டு சொல்லிப்போட்டுப் பின்னாலை போய்ப் பெல்லைத் தட்டினால், அதுக்குப் பேர் என்னக்கா?”

ஆரணி கதிரையில் இருந்துவிட்டாள். “உதயகலாக்கா போகேக்கை எனக்கு இதைத்தான் தந்தவ. காதிலை ஒண்டும் சொல்லேல்லை. அவவுக்கு முந்தினவவும் இதைத்தான் குடுத்தவவாம். ரெண்டு வருசம்… ஆரும் பாத்திடுவினமோ எண்டு ஒவ்வொருக்காலும் திரும்பித் திரும்பிப் பாப்பன். உனக்கென்ன தெரியும்?”

கதவு திறந்தது. கேதீஸ்வரி. ஆரணி மூடியைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

“பிள்ளையள், ரெண்டாவதாச் சுருதி தந்தது ஆர்?”

“நான்தான் அன்ரி.”

“அன்ரியோ? சரி, இருக்கட்டும். எங்கடை காலத்திலை இன்னும் கொஞ்சம் கீழை. ஆனா அதுவும் ஒரு நாளைப்போல இல்லை. ஆருக்குத் தடிமனோ அவளுக்கு ஏத்தமாதிரி இறக்கிப் பிடிப்பம்.”

ஆரணி நிமிர்ந்தாள். “அப்ப ஒரே சுருதி, கைமாறி வந்த சுருதி எண்டு கொப்பியிலை முதற்பக்கத்திலை எழுதியிருக்கிறது நீங்கள்தானே?”

“அது பயிற்சிக்கு அறை கேட்டு எழுதின கடிதமெல்லோ! ரெண்டு மாதம் பழசான கோஷ்டிக்கு ஆர் அறை தருவினம்? ஏதாவது பாரம்பரியம் இருந்தால் எழுதுங்கோ பாப்பம் எண்டிச்சினம். எழுதினன். கொப்பியிலும் ஒட்டினன். அறை கிடைச்சுது.” தலைப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த மூடியைக் கண்டுவிட்டார். “உதென்ன, சைக்கிள் பெல்லோ?”

“ஓம்,” என்றார்கள் இருவரும்.

“வடிவாயிருக்கு,” என்றுவிட்டுக் கேதீஸ்வரி போய்விட்டார்.

ஒருத்தி அறைக்காக எழுதியதை, பின்னால் வந்த எவளோ ஒருத்தி வேதவாக்காக நம்பி, காப்பாற்ற முடியாமல் பயந்து, தன் சைக்கிளிலிருந்து மூடியைக் கழற்றியிருக்கிறாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் வாங்கியது பயத்தைத்தான்.

வெளியே இரண்டாம் பகுதிக்கு மணி அடித்தது.

“உன்னை இண்டைக்கே கலைச்சுவிடவேணும்,” என்றாள் ஆரணி.

“ஓமக்கா.”

“றொசாந்தி நல்ல பிள்ளை. ஆனா அவளிட்டைக் குடுத்தால் அவளுக்கும் உந்த மூடி வேணும். எனக்கும் அது இல்லாமல் ஏலாது. உனக்கு எப்பிடி வெறுமனே வந்தது?”

“பதினாலு தரம் பதிஞ்சு, ரெண்டு மாதமாக் கேட்டனான். உங்களைப் பிடிக்க.”

“பிடிச்சிட்டாய், போ.”

கச்சேரி முடிவில் ஆரணி தாரிகாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். நகம் ஐந்தும் சதையில் இறங்கின. சபை கைதட்டியது. பழைய மூடியை ஆரணி கொழும்புத்துறைக்குக் கொண்டுபோனாள். தாரிகாவின் மூடி அவளுடைய சைக்கிளுக்குத் திரும்பியது. வெறும் சுருக்குப்பை மட்டும் மிஞ்சியது. அதை எறிய முடியாது. சுருதிக்காரி பையோடு இரண்டு நிமிசம் போகாவிட்டால் குழுவுக்கே ஒரு மாதிரி இருக்கும்.

ஆகவே தாரிகா வெறும் பையோடு திரைக்குப் பின்னால் போய், இரண்டு நிமிசம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, திரும்பி வந்து தன் தொண்டையிலிருந்தே சுருதி தந்தாள். அறிவிப்பாளர் இத்தனை வருசமாகச் சொன்னதில் கருவி இல்லை என்ற பாதியாவது உண்மையானது.

மூன்றாவது பயிற்சியில், றொசாந்தியின் மடியில் போனும் போனில் ஒரு சிவப்புப் புள்ளியும் கண்டாள்.

“றொசாந்தி, என்னடி உது?”

“நேரம் பாக்கிறன்.”

பயிற்சி முடிய, தாரிகா தன் கைப்பையைத் திறந்தபடி கதிரையில் வைத்து, சுருக்குப்பையை மேலே தெரிய எடுத்துவிட்டு, முகம் கழுவப் போனாள். ஆறுதலாகக் கழுவினாள். காதையும் கழுத்தையும் கூடக் கழுவினாள்.

திரும்பி வந்தபோது பையின் முடிச்சு வேறு மாதிரி இருந்தது. றொசாந்தி யன்னலோரம் நின்றாள். உள்ளே எதையாவது கண்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெறும் பையை ஒருத்தி இவ்வளவு பக்குவமாகக் காவிக்கொண்டு திரிகிறாள் என்றால் சாமான் வேறெங்கோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? தாரிகா சைக்கிளை எடுத்து வாசல் தாண்டும்வரை, றொசாந்தி அவளுடைய காதுத் தோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.