நாற்பத்தொன்றாம் எண்ணின் நான்கு நிமிடங்கள்

1

இந்தக் கதை எனக்கு அலுவலகத்தில் கிடைத்தது. திருடினேன் என்றும் சொல்லலாம். கண்டுபிடித்தவர்கள் சொல்வதைக் கேட்டு, அதைக் காப்புரிமை விண்ணப்பமாக எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இன்னொருவர் தொட முடியாதபடி ஒரு யோசனையைச் சுற்றி வேலி போட வேண்டும். வேலி போடுவதற்கென்றே ஒரு மொழி இருக்கிறது. அதில் ஆண் கிடையாது, பெண் கிடையாது, முட்டிவலி கிடையாது. "வளம்" என்று ஒரு சொல் உண்டு. கட்டிலும் வளம், லிஃப்டும் வளம், கட்டிலைத் துடைப்பவளும் வளம்.

போன மாதம் வந்த கோப்பின் தலைப்பு: "சேவை வளங்களை ஒதுக்கீடு செய்வதற்கும் கால அட்டவணை இடுவதற்குமான கணினி முறைமை." பெரிய மருத்துவமனையில் நோயாளி காலி செய்த அறையை யார், எப்போது சுத்தம் செய்ய வேண்டும் என்று கணினியே முடிவு செய்யும். நிரலை எழுதிய பெண் விளக்கம் சொல்ல வந்தாள். ஏறக்குறைய என் வயது. நாற்பது நிமிடம் என் எதிரே உட்கார்ந்து ஓர் அட்டவணையைக் காட்டினாள். அதில் நாற்பத்தொன்றாம் எண் ஊழியர் ஓர் அறையை நான்கு நிமிடத்தில் முடிப்பதாக இருந்தது.

"நாலு நிமிஷமா?" என்றேன்.

"சில பேர் வேகமா பண்ணுவாங்க. எங்க டேட்டாவுலயே இவங்கதான் பெஸ்ட்."

என் அம்மா பத்தொன்பது வருடம் மருத்துவமனை அறைகளைத் துடைத்தவள். நான்கு நிமிடத்தில் படுக்கை விரிப்பை உருவி மூட்டை கட்டலாம். அவ்வளவுதான் முடியும். இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு வேலி போட ஆரம்பித்தேன். அன்றைக்கு வாயைத் திறக்காததற்கு இப்போது இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அதிகாலை ஐந்தரை மணிப் பேருந்தில் அம்மாவுக்கு அன்றும் இடம் கிடைக்கவில்லை."

அடித்துவிட்டேன். ஏழைத் தாய் விடியலில் பேருந்துக்கு நின்றால் உங்களுக்கு உடனே பரிதாபம் வந்துவிடும். பரிதாபம் வந்தபின் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எனக்கு நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது: "கணினி வழியான வள ஒதுக்கீடு என்பது, வரம்புக்குட்பட்ட…"

இதைப் படிக்க உங்களுக்குச் சம்பளம் கொடுத்தால்தான் உண்டு.

மூன்றாவது: "சோதனை ஓட்டத்தில் நாற்பத்தொன்றாம் எண் முதலிடம் பிடித்தபோது, அது தன் அம்மா என்று அவளுக்குத் தெரியாது."

இது இருக்கட்டும். (அந்தப் பெண்ணின் அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவைக் கொடுத்தது நான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

3

சோதனை ஓட்டத்தில் நாற்பத்தொன்றாம் எண் முதலிடம் பிடித்தபோது, அது தன் அம்மா என்று அவளுக்குத் தெரியாது. தரவு வந்தபோதே பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டிருந்தார்கள். மருத்துவமனைக்கும் பெயர் இல்லை, ஓர் எழுத்து மட்டும்.

அவளுக்கு வந்த தரவு இவ்வளவுதான். ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு சின்னக் கருவி. துப்புரவு ஊழியர் உள்ளே போகும்போது ஒருமுறை அட்டையைக் காட்ட வேண்டும், வெளியே வரும்போது மறுமுறை. இரண்டுக்கும் நடுவே உள்ளது வேலை. ஓர் அறையை விட்டு வெளியே வந்ததற்கும் அடுத்த அறைக்குள் போனதற்கும் நடுவே உள்ளது சும்மா இருந்த நேரம்.* மூன்று நிமிடத்துக்குக் கீழே வந்த பதிவுகளைக் கருவிக் கோளாறு என்று தூக்கிப் போட்டாள். ஒரே நேரத்தில் பல அறைகளில் இருப்பதாக வந்தவற்றைக் கருவிகளின் நேரம் பொருந்தவில்லை என்று வரிசையாக அடுக்கிக்கொண்டாள். மிச்சத்தை நிரல் கற்றுக்கொண்டது.

நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு எந்த அறையானாலும் நான்கு நிமிடம். திங்களும் நான்கு, வியாழனும் நான்கு. வித்தியாசம் நொடிக் கணக்கில்தான். இவ்வளவு சீரான ஆளை நிரல் அதுவரை பார்த்ததில்லை.

குழுத் தலைவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "இந்தம்மா மனுஷியா மெஷினா? அங்க பாரு, காலையில மூணு மணி நேரம் ஒரு பதிவுமில்ல. சும்மா உக்காந்திருக்காங்க. அதுல எத்தனை ரூம் போடலாம் சொல்லு."

"பதினஞ்சு கூடப் போடலாம் சார்."

"அவ்வளவுதாம்மா. இதுதான் கண்டுபிடிப்பு."

விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர்களின் வரிசையில் அவள் பெயர் மூன்றாவது. அவள் குடும்பத்தில் யார் பெயரும் அதுவரை ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் தவிர வேறெங்கும் அச்சில் வந்ததில்லை. அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். காரணமில்லாமல் நடந்தாள்.

* "சும்மா இருந்த நேரம்" என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது. நான் "பயன்படுத்தப்படாத கொள்திறன்" என்று எழுதினேன். மேலதிகாரி நன்றாக இருக்கிறது என்றார்.

4

ஞாயிறு மதியம். அம்மா சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. கடிகாரம் ஒட்டிட்டுப் போயிட்டான்."

கடிகாரம் என்பது மேற்பார்வையாளர். எதிரே வரும் ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர் என்பதால் பெண்கள் வைத்த பெயர்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் போனை வாங்கினாள். அறிவிப்புப் பலகையின் புகைப்படம். புதிய வேலைப் பட்டியல், அடுத்த வாரத்திலிருந்து. கட்டங்கள், நிறங்கள், கீழே சின்ன எழுத்தில் முறைமையின் பெயர். அந்த நிறங்களை அவள்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். அம்மாவின் பெயருக்கு நேரே நாற்பத்தொன்று என்று இருந்தது.

"எனக்கு எத்தனை ரூம் போட்டிருக்கான்?"

"இருபத்திரண்டு."

"பன்னெண்டா?"

"இருபத்திரண்டும்மா. மத்தவங்களுக்கு எட்டு, ஒன்பதுதான். இத்தனை நாள் எத்தனை?"

"காலையில ஏழு. அதுக்கே நாக்கு தள்ளும். மத்தியானத்துக்கு மேல தாழ்வாரம், மாடிப்படி." அம்மா தைல பாட்டிலை மூடினாள். "எங்க மாடியில ஒன்பது பேரு இருக்கோம். பட்டியல்ல ஆறு பேருதான் இருக்காம். மூணு பேரை என்ன பண்ணப் போறாங்களாம்?"

அந்த மூன்றும் அவளுக்குத் தெரியும். "சேமிப்பு: முப்பத்து மூன்று விழுக்காடு" என்று ஒரு படத்தில் அவளே போட்டிருந்தாள்.

"அம்மா, அட்டையை எப்ப காட்டுவே நீ?"

"அதான் உனக்குச் சொன்னேனே. நீகூட விழுந்து விழுந்து சிரிச்சியே."

5

ஆமாம், சொல்லியிருந்தாள். போன வருடம், இதே சமையலறையில். இங்கே பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. தெரிந்தும் எப்படி மறந்தாள்? நம்பும்படி இருக்கிறதா? இரண்டு முறை எழுதி அடித்தேன். பிறகு என்னையே நினைத்துக்கொண்டேன். வீட்டில் கேட்டது வீட்டில் இருக்கும். அலுவலகத்துக்குப் போகும்போது அதைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டுத்தான் போகிறோம். அப்படிக் கழற்றத் தெரிந்ததால்தான் உள்ளே விட்டார்கள். எனவே நம்பலாம்.

அம்மா சொன்னது இது:

"கையுறை பூரா மருந்துத் தண்ணி. அதோட அட்டையைத் தொடக்கூடாது. ஒவ்வொரு ரூமுக்கும் கையுறை கழட்டி மாட்டினா ஒரு நாளைக்குப் பதினாலு ஜோடி. அவன் குடுக்கறது நாலு. கழுத்துல மாட்டிக்கோன்னான். குனிஞ்சா பக்கெட்டுல விழுது. ரெண்டு அட்டை அப்படியே போச்சு. அதனால அட்டை சாப்பாட்டு டப்பாவோட இருக்கும். ஏழு ரூமையும் முடிச்சுட்டு, கையைக் கழுவிட்டு, அட்டையை எடுத்துக்கிட்டு ஒரு கதவு விடாம 'உள்ளே' காட்டிக்கிட்டே போவேன். அந்தக் கோடியில நாற்காலி இருக்கும். உக்காந்து ஒரு டம்ளர் தண்ணி குடிப்பேன். உடனே 'வெளியே' காட்டினா அந்தச் சனியன் சிவப்பாக் கத்தும். கொஞ்சம் ஆறப்போட்டா பச்சை. அப்புறம் முதல் கதவுலேர்ந்து திரும்பக் காட்டிக்கிட்டு வருவேன். நான் மட்டுமில்ல, எல்லாரும் அப்படித்தான்."

அவள் சுவரில் சாய்ந்தாள். நான்கு நிமிடம் ஒரு டம்ளர் தண்ணீர். மூன்று மணி நேரம் ஏழு அறைகள். நிரல் அம்மாவின் ஓய்வை வேலை என்றும், வேலையை ஓய்வு என்றும் கற்றுக்கொண்டிருந்தது. எவ்வளவு சீராக அம்மா தண்ணீர் குடித்தாளோ அவ்வளவு சீரான ஊழியர்.

6

இப்போது நீங்கள் கணக்குப் பாருங்கள். ஓர் அறைக்கு இருபத்தைந்து நிமிடம். விரிப்பை உருவ, குப்பையை அள்ள, மெத்தையிலும் கட்டில் கம்பியிலும் மருந்து பூச, அது ஈரமாகவே பத்து நிமிடம் ஊற (கிருமி சாவதற்கு அந்தப் பத்து நிமிடம் வேண்டும்), அதற்குள் குளியலறையைத் தேய்க்க, மறுபடி வந்து துடைக்க, தரையைத் துடைக்க. இருபத்திரண்டு அறைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அம்மாவின் வேலை நேரம் எட்டு மணி.

"அம்மா, அந்தப் பட்டியல் நான் பண்ணது."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நீயா? நம்ம ஆஸ்பத்திரிக்கா?"

"எனக்கு எந்த ஆஸ்பத்திரின்னே தெரியாது. நாளைக்குப் போய் டேட்டா தப்புன்னு சொல்லிடறேன். ஒரே ஒரு வரி மாத்தினா போதும்."

"எப்படித் தெரியும்னு கேட்டா?"

"உண்மையைச் சொல்றேன்."

"என்ன உண்மை? எங்கம்மா அட்டையை நேரத்துக்குக் காட்ட மாட்டாங்கன்னா? பலகையில பெருசா எழுதிப் போட்டிருக்கான், அட்டையை உரிய நேரத்துல காட்டாதவங்க அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்னு. நீ சொன்னா ஒன்பது பேரும் போவோம். இப்போ மூணு பேருதான் போறாங்க."

"அதுக்காக இருபத்திரண்டு ரூம் பண்ணுவியா? உன் முட்டியைப் பாரு."

"பண்ணிக்கலாம். மருந்து ஊறுறதுக்குப் பத்து நிமிஷம் விடறோம்ல? அதை விட மாட்டோம். பூசின கையோட துடைச்சுட்டுப் போவோம். யாரு பார்க்கப் போறா."

அவள் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"என்னை முறைக்காதடி. கணக்குப் போட்டவ நீ."

7

முடிவுகள்.

முதல் முடிவு. அவள் சொல்லிவிடுகிறாள். குழுத் தலைவர் கோபப்படவில்லை, நோட்டில் குறித்துக்கொள்கிறார். "அருமை. தாமதமா காட்டப்படற அட்டைகளைத் தானாவே கண்டுபிடிக்கற வசதி. இதையும் விண்ணப்பத்துல சேர்த்துடலாம். உன் பேரை முதல்ல போடறேன்." கடிகாரத்துக்கு ஒன்பது பெயர்கள் போகின்றன. (இதை எழுதும்போது மிகையோ என்று நிறுத்தினேன். பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தேன். என் கையாலேயே இதுபோன்ற வசதிக்கு இரண்டு வேலி போட்டிருக்கிறேன்.)

இரண்டாவது. அவள் சொல்லவில்லை. மூன்று பெண்கள் வீட்டுக்குப் போகிறார்கள். அம்மா இருபத்திரண்டு அறைகளை முடிக்கிறாள். கதவுகளில் எல்லாம் பச்சை விளக்கு. மெத்தைகளில் மருந்து ஊறவில்லை.

மூன்றாவது. மருத்துவமனைத் தலைவர் ஒருநாள் தற்செயலாக அந்த மாடிக்கு வருகிறார், ஒரு பக்கெட்டைத் தூக்கிப் பார்க்கிறார், அவருக்கு…

என்னால் எழுத முடியவில்லை. அவர் ஏன் அந்த மாடிக்கு வரப்போகிறார்? கதைக்கும் ஒரு மானம் இருக்கிறது.

8

அம்மாவைக் கொடுத்ததற்குக் காரணம் சொல்கிறேன் என்றேன். யாருக்கும் அம்மாவாக இல்லாத நாற்பத்தொன்றாம் எண்ணை வைத்து எழுதினால் நீங்கள் ஐந்தாம் பகுதி வரை வந்திருக்க மாட்டீர்கள். நானும் எழுதியிருக்க மாட்டேன். அது கேவலம்தான். ஒருத்தி மேல் அக்கறை வர அவள் நம் வீட்டு ஆளாக இருக்க வேண்டியிருக்கிறது.

இதுவரை எழுதியதை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முட்டி போனதால் இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். முழுக்கக் கேட்டாள்.

"நாற்காலி எங்கேர்ந்து வந்துச்சு?" என்றாள்.

"எந்த நாற்காலி?"

"கோடியில உக்காந்து தண்ணி குடிக்கிறாளே. எங்களுக்கு எவன் நாற்காலி போட்டான்? பக்கெட்டைக் கவுத்து அதுமேல உக்காருவோம்."

நாற்காலியைத் திருத்தவில்லை. நான் எழுதும்போது என்னை அறியாமல் போட்டுக் கொடுத்தது அது ஒன்றுதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

"முடிவு என்னம்மா வைக்கட்டும்?"

"அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா பாவம். அது இருக்கட்டும், நெஜமாவே அந்த நாப்பத்தொண்ணு யாரு?"

"தெரியாது."

"கேட்டியா?"

கேட்கவில்லை. விண்ணப்பம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். அந்த நிரலாளப் பெண்ணுக்கு ஒரு வரி எழுதலாம்: "நான்கு நிமிடத்தை நேரில் பார்த்தீர்களா?" எழுதினால் யாரோ ஒருத்தியின் அட்டை மாட்டிக்கொள்ளும். எழுதாவிட்டால் வேறு பல மருத்துவமனைகளில் யாரோ ஒருத்திக்கு இருபத்திரண்டு. என் பாத்திரத்துக்கு நான் வைத்த பொறி எனக்கே அளவாக இருக்கிறது.

9

எனவே முடிவை உங்களிடம் விடுகிறேன். பெருந்தன்மையால் இல்லை. இந்தக் கதையில் இதுவரை வராத ஓர் ஆள் நீங்கள்தான், உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஒருநாள் நீங்கள் மருத்துவமனையில் சேர்க்கைப் பிரிவில் நிற்பீர்கள். கையில் துணிப்பை, பக்கத்துச் சக்கர நாற்காலியில் உங்கள் அப்பாவோ தங்கையோ. உட்கார முடியாமல் முனகிக்கொண்டிருப்பார்கள். மேலே ஓர் அறையில் மெத்தை மேல் பூசிய மருந்து ஈரமாக இருக்கும், பக்கத்தில் ஒருத்தி துணியோடு நின்றுகொண்டிருப்பாள். நீங்கள் கண்ணாடித் தடுப்பில் குனிந்து கேட்பீர்கள்:

"ரூம் ரெடியா? இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

உள்ளே இருப்பவர் திரையைப் பார்ப்பார்.

"நாலு நிமிஷம்."

அடுத்த வரியை நீங்கள்தான் பேச வேண்டும்.