வக்கீலம்மாவின் குரல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு அவள் சமையலறையிலிருந்து கேட்டாள்: “என்னங்க, ஆஸ்பத்திரி ஃபைலை எங்க வெச்சீங்க?”

கூடத்தில் அவள் கணவர் ரிமோட்டை எடுத்துப் பத்து விநாடி பின்னால் ஓட்டினார். காதைத் தீட்டிக்கொண்டு மறுபடி கேட்டார். திரையில் வக்கீலம்மா ஃபைல் எதையும் தேடவில்லை. நீதிமன்றப் படிக்கட்டில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப என்னமோ கேட்டாளே,” என்றார் அவர், திரையிடம்.

கேட்டவள் கரண்டியோடு வாசற்படிக்கு வந்து நின்றாள். வியாழக்கிழமையிலிருந்து இது மூன்றாவது முறை.

“கேட்டது நான்.”

“நீயா?” அவர் திரும்பவில்லை. “ஒரு நிமிஷம் இரு. தீர்ப்பு வரப்போகுது.”

வக்கீலம்மாவின் முகம் வேறு ஏதோ நாட்டு நடிகையுடையது. குரல் இவளுடையது. நான்கு சீசனாக இவள்தான் அவளுக்குப் பேசுகிறாள். தலையில் ஹெட்போன், எதிரே ஒரு திரை, காற்று புகாத ஒரு சின்ன அறை. உதடு அசைகிற நேரத்துக்குள் வசனத்தை அடக்க வேண்டும், அதுதான் வேலை. மற்ற பாத்திரங்களுக்குப் பேசுகிறவர்கள் வேறொரு நாள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். வக்கீலம்மா அழுதால் இவளும் அழுவாள். எதற்கு அழுதோம் என்பது பல நாள் தெரியாமலே போய்விடும்.

கணவருக்கு இப்போது எல்லாம் தெரிந்திருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். திங்கட்கிழமை மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று பத்து நாள் லீவு போட்டிருந்தார். வியாழக்கிழமை காலை, “நீ என்னதான் வேலை பாக்கறேன்னு நானும் ஒரு தடவை பாக்கறேன்,” என்று உட்கார்ந்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மத்தியானம் வரைக்கும்தான்.

வெள்ளிக்கிழமை அவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். வக்கீலம்மா வழக்கில் தோற்றுவிட்டாளாம்.

“பாவம், அவளுக்குன்னு யாருமே இல்ல,” என்றார்.

“எனக்கு மட்டும் யார் இருக்காங்களாம்?”

“உனக்கென்ன, நான் இருக்கேனே.” சொல்லிவிட்டு அடுத்த எபிசோடைப் போட்டார்.

அன்று சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிப் படிவத்தை அவரிடம் நீட்டினாள். நெருங்கிய உறவினர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது வரியை அவர் படிக்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினாள். அவர் கண் திரையில் இருந்தது. விரலுக்கு மேலேயே கையெழுத்து விழுந்தது. நகத்தில் மை.

சனிக்கிழமை இரண்டு தடவை பேச்சை எடுத்தாள். முதல் தடவை வக்கீலம்மாவின் அப்பா செத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை அவரைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னமா பேசறா!” என்றார்.

“அது நான் பேசினதுங்க.”

“தெரியும். ஆனா பாக்கும்போது நீ இல்ல.”

பத்தொன்பது வருஷமாக இதே குரலில்தான் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள், திட்டினாள், கடைக்கு அனுப்பினாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்றாலும் ஒரு நியாயம் உண்டு. இவர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் அவள் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாளை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றிருந்தார் டாக்டர். சொல்ல வேண்டியதை இன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

ஃபைல் சோபாவில் அவர் முதுகுக்குப் பின்னால் தலையணைக்கு முட்டுக்கொடுத்து இருந்தது. அதை உருவிக்கொண்டு போய் டிவிக்கு முன்னால் நின்றாள்.

“மறைக்காதே.”

“நிறுத்துங்க.”

“இன்னும் ஒண்ணேகால் எபிசோடுதான். முடிச்சிட்டு நாள் பூரா உன்கூடத்தான்.”

“கடைசியில என்ன ஆகுதுன்னு சொல்லட்டுமா?”

அவர் தலையணையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “அடிப்பாவி! சொல்லிடாதே!”

“எல்லாம் என் வாயாலதான் நடந்திருக்கு. ஒரு வரி போதும்.”

படம் நின்றது. வக்கீலம்மா வாயைத் திறந்தபடி உறைந்துபோனாள். மூன்று நாளில் முதல் தடவையாக வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் கேட்டது.

அவள் படிவத்தைக் கொடுத்தாள். “மூணாவது வரி. வாய்விட்டுப் படிங்க.”

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். “‘சிகிச்சைக்குப் பின் குரலில் நிரந்தர மாற்றம் ஏற்படக்கூடும் என்பதை அறிவேன்.’” மறுபடி மனதுக்குள் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. “சின்னக் கட்டின்னுதானே சொன்னே?”

“கட்டி சின்னதுதான். இருக்கிற இடம் சரியில்ல.”

“இந்தக் குரல் போயிடுமா?”

“கட்டையாகலாம். காத்து மாதிரி ஆகலாம். ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். உள்ள போய்ப் பார்த்தாத்தான் தெரியும்ங்கறார்.”

“ஏன் முன்னாடியே சொல்லல?”

அவள் தன் நகத்தில் இன்னும் போகாத மையைக் காட்டினாள். அவர் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் அதைத் தேய்த்து அழிக்கப் பார்த்தார். அதைப் பார்த்ததும் மூன்று நாள் கோபத்தில் பாதி வடிந்துவிட்டது அவளுக்கு. பக்கத்தில் உட்கார்ந்தாள். பயமா இருக்கா என்று ஒரு வார்த்தை அவர் கேட்டால் போதும். ஆமாம் என்று இந்தக் குரலிலேயே சொல்லிவிடலாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. அவளைப் பார்த்தார். பிறகு திரையில் உறைந்து நின்றவளைப் பார்த்தார்.

“அப்ப அவளுக்கு இனிமே யாரு பேசுவாங்க?”