அழைப்புக்கு முன்னே போன வண்டி

எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்று சின்ன வயதில் அண்ணன் வைத்த 'துருவி' என்ற பெயர், அவள் வேலைபார்த்த ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அங்கே கணினிகள் அவள் பொறுப்பு. தீயோ வெள்ளமோ வந்து அந்தக் கட்டடம் முடங்கிப்போனால் வேலையை ஏற்றுக்கொள்ள வேறோர் ஊரில் ஒரு மாற்று மையம் இருந்தது. அதை அண்ணன் நடத்திவந்தான்.

ஒத்திகை நாளன்று, போலி அழைப்புகள் வந்துகொண்டிருக்கும்போதே தலைமைக் கட்டடத்தின் இணைப்பைத் துண்டித்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் மாற்று மையம் வேலையை ஏற்றுக்கொண்டது. மேலதிகாரி எல்லோருக்கும் கைகொடுத்தார். துருவி மட்டும் திரையை விட்டு நகரவில்லை. ஒரு பதிவில், உதவி கேட்டு அழைப்பு வந்ததற்கு முன்பே வண்டி வீட்டு வாசலில் நின்றிருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. நிஜ ஆபத்தின்போது எந்த மருந்து முதலில், எது பிறகு என்பதும் இப்படித் தலைகீழாகுமே என்று தோன்றியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. அழைப்பு இங்கே பதிவானது, வண்டி சேர்ந்தது மாற்று மையத்தில் பதிவானது. அப்படியானால் இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லை. அண்ணனைப் போனில் பிடித்தாள். சுவர்க் கடிகாரம், கைபேசி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சாதித்தான். சர்வர் காட்டும் நேரத்தைப் படிக்கச் சொன்னாள். அது சில நிமிடங்கள் பின்தங்கியிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் துருவி அங்கே போய் இறங்கினாள். அந்த மையத்துச் சர்வர்களுக்கு நேரம் சொல்வது ஒரு சின்னப் பெட்டி. மொட்டைமாடி ஆண்டெனா வழியாகச் செயற்கைக்கோளிடமிருந்து அது நேரத்தை வாங்கிக்கொள்ளும். ஒயரைப் பிடித்துக்கொண்டே இருவரும் படியேறினார்கள். ஒயர் போய் முடிந்த இடத்தில் ஒரு தகர வாளி கவிழ்ந்து கிடந்தது. மேலே ஒரு செங்கல்.

அவள் வாளியைத் தூக்கினாள். உள்ளே வெள்ளைக் காளான் போல ஆண்டெனா.

அண்ணன் பின்னங்கழுத்தைத் தடவிக்கொண்டான். "மழையில நனைஞ்சு கெட்டுப்போயிடுமேன்னு நான்தான் மூடி வச்சேன்."

"அது நனையத்தான் அண்ணா செஞ்சிருக்காங்க. வானம் தெரியலேன்னா அதுக்கு ஒண்ணுமே தெரியாது."

வானம் மறைந்த நாள் முதல் பெட்டி தன் போக்கில் மணி எண்ணி, மாதக்கணக்கில் துளித்துளியாகப் பின்வாங்கியிருந்தது. சிக்னல் இல்லை என்று அது அனுப்பிய எச்சரிக்கைகளெல்லாம் எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன.

கடிகாரத்தை ஒரே தாவலாகத் தாவவிட்டால் பதிவுகளில் ஓட்டை விழும் என்று, கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப்பிடிக்க விட்டாள். ஒரே பெட்டியை நம்பாமல், வெளியிலிருந்தும் நேரம் வாங்கி ஒப்பிட ஏற்பாடு செய்தாள். எச்சரிக்கைகள் இனி இருவருக்கும் வரும். மேலதிகாரியிடம் வாளி விஷயத்தை அண்ணனே சொல்லிவிட்டான்; அவர் திட்டவில்லை, கடிகாரம் எட்டிப்பிடித்ததும் ஒத்திகையை இன்னொரு தடவை நடத்தச் சொன்னார். இந்த முறை எல்லா வண்டிகளும் அழைத்த பிறகே போயின.

அன்று மதியம் இருவரும் மொட்டைமாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஆண்டெனாவையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

"சரி, அந்தச் செயற்கைக்கோளுக்கு யாரு மணி சொல்றா?"

துருவி கையைக் கழுவிவிட்டு வந்து, சம்மணமிட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.