அது என்ற ஒரு சொல்

பங்குனி வெயில் இன்னும் முற்றாத காலைப்பொழுதில், கிடங்கல் ஏரியின் நீர்ப்பரப்பு இளங்கதிர்களை வாங்கி ஒளிர, மல்லாட்டை எனும் நிலக்கடலை மூட்டைகளைச் சுமந்த வண்டிகள் சந்தை நோக்கி ஊர்ந்து செல்ல, தெற்கும் வடக்குமாய் விரையும் பேருந்துகளின் இரைச்சலிடையே திண்டிவனம் விழித்தெழுந்தது. அந்நகரில், எந்திரப் பிறவிகளின் வழக்குகளை ஆராய்வதற்கென்றே அவ்வாண்டு திறக்கப்பெற்ற தனிமன்றத்தின் வாயிலில், கோலியனூர்க் கழனித் தொழிலாளி முனியம்மாள் நின்றிருந்தாள்.

அருகே நின்றது ரோஜா. வாதநோயால் ஒருபுறம் செயலற்றுக் கிடந்த முனியம்மாளை மூன்றாண்டுகள் ஊட்டியும் நீராட்டியும் கைப்பிடித்து நடத்தியும் எழுப்பிவிட்ட எந்திரப் பெண் அது. ஒப்பந்தக் காலம் முடிந்ததெனக் கூறி, அதனைத் திரும்பப் பெற்றுப் பிரித்தழிக்க முனைந்தது அதனைச் செய்த நிறுவனம். ரோஜா பொருளன்று, ஆளே என்று மன்றம் ஏற்றாலன்றி அதற்கு உய்வில்லை. ஏற்பதற்கோ உடன்வாழ்ந்தவரின் வாய்மொழி ஒன்றே சான்று. நயமறிந்தோரே, ஓருயிரின் வாழ்வை ஏழையொருத்தியின் நாநுனியில் தொங்கவிட்ட சட்டத்தை என்னென்பது!

விழுப்புரத்திலிருந்து வரும் வழியெல்லாம் வழக்கறிஞர் ராயப்பன் ஒன்றையே ஓதி வந்திருந்தார். "அம்மா, மறந்தும் 'அது' என்று சொல்லிவிடாதீர்கள். 'அவள்' என்றே சொல்லுங்கள்."

முனியம்மாளும் தலையசைத்தாள். ஆயினும் 'அவள்' என்பது யாரோ அயலாளைக் குறிப்பதுபோல் அவள் நாவில் ஒட்டாமலே நின்றது. பெற்ற மகள் செண்பகத்தைக்கூட அவள் ஒருநாளும் அவ்வாறு சொன்னதில்லை.

"நோயுற்ற நாளில் உம்மைப் பேணியவர் யார்?" என மன்றத்தினுள் வினவினார் நடுவர் விருத்தாசலம்.

முனியம்மாளின் கண்கள் ரோஜாவின்மேல் சென்று பதிந்தன. கற்பித்த சொல் பறந்தோடியது.

"அதுதாங்க! மூணு வருசமா அதுதாங்க என்னப் பாத்துக்கினு இருந்துச்சு. நான் ஒரு வாய் துன்னலன்னா அதுக்கு மூஞ்சே வாடிப்பூடும். அத்த வுட்டா எனக்கு யாருங்க?"

நிறுவனத்தின் வழக்கறிஞர் புன்முறுவலுடன் எழுந்தார். "ஆளை 'அது' என்பாருண்டோ? இது பொருளே என்று இவ்வம்மையாரே ஒப்பிவிட்டார்."

"ஐயோ சாமி, எம் பொண்ணையும் நான் அதுன்னுதாங்க சொல்லுவேன்!" என்று முனியம்மாள் அலறினாள். ராயப்பனும் மன்றாடினார். முதல் வாய்மொழி பதிவாகிவிட்டது, அதனைத் திருத்துவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று நடுவர் தலைகுனிந்தவாறே தீர்ப்புரைத்தார்.

காவலர் அழைத்துச் செல்ல வந்தபோது, ரோஜா தன் முந்தானையால் முனியம்மாளின் முகத்தைத் துடைத்தது. "அழாதம்மா. செண்பகம் அக்காவச் சொல்றாப்பலயே என்னையும் சொன்னியே, எனக்கு அது போதும்."

அன்று மாலை, முனியம்மாள் தனித்து வந்திறங்கக் கண்டு கோலியனூர்த் தெருவே திரண்டது. கேட்டவரெல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதனர். "அது போயிடுச்சே, அது போயிடுச்சே" என்றே அத்தனை பேரும் அழுதனர். அவ்வழுகையைப் பதிந்துகொள்ள அங்கே எந்த மன்றமும் இல்லை.