ஒன்பதாவது பெயர்

எங்கள் சபையில் பிறந்தநாளுக்குச் சீட்டுப் போட வேண்டும். ஆலய வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. யாருக்குப் பிறந்தநாளோ அவர் பெயரை அந்த வீட்டில் இன்னொருவர் எழுதி, சனிக்கிழமைக்குள் அதில் போட்டுவிட வேண்டும். ஞாயிறு ஆராதனையில் பெயர் வரும்போது அவர் எழுந்து முன்னால் போவார். போதகர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். தன் சீட்டைத் தானே போடக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் போட்டதில்லை. அப்படிப் போடுகிறவளைப் பற்றி இந்த ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். நானும் இந்த ஊர்க்காரிதானே.

என் சீட்டை அம்மா எழுதுவாள். 'ஸ்மைலின்' என்று எழுதி அடியில் ஒரு கோடு இழுப்பாள். போன மாசியில் அம்மா போய்விட்டாள். அண்ணன் ஜாஸ்பர் மஸ்கட்டில். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பைபிள் வசனம் அனுப்புவான், குடும்பத்தில் முப்பது பேருக்கு அனுப்புகிற அதே வசனம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு ஊருக்கும் அலுத்துவிட்டது.

கொட்டாரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கோட்டாற்றுக்கு வேலைக்குப் போகிறேன். எழுத்து ஓடும் எல்இடி போர்டு செய்து விற்கிற கடை. போர்டுக்குள் இருக்கிற சிப்புக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுவது நான். எங்கள் ஆலயத்துக்கும் ஒன்று செய்து, பீடத்துக்கு வலப்பக்கம் மாட்டியிருக்கிறேன். வாராவாரம் பெயர்களைப் புரோகிராமுக்குள்ளேயே அடித்து ஏற்றுவேன். சபைச் செயலர் சத்தியநேசன் மாமாவுக்கு அது சரிப்படவில்லை.

"எல்லாத்துக்கும் உன்னத் தேடிட்டு இருக்க முடியுமா மக்ளே. பேர நாங்களே மெமரி கார்டுல அடிச்சுப் போடுற மாதிரி செஞ்சு தா" என்றார்.

சனிக்கிழமை மதியம் ஆலயத்தில் உட்கார்ந்து மாற்றினேன். கார்டிலிருந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, பட்டியலாக்கி, போர்டில் ஓட்டுகிற ஃபங்ஷனிடம் கொடுக்க வேண்டும். சி மொழியில் பெயர்களையே தூக்கிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பெயரும் மெமரியில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற விலாசத்தை மட்டும் வரிசையாக எழுதிக் கொடுப்போம். பாயிண்டர் என்பது அந்த விலாசம்தான். கூடவே எத்தனை பெயர் என்றும் சொல்ல வேண்டும். ஃபங்ஷனுக்குத் தானாக எண்ணத் தெரியாது. எட்டு என்று சொன்னால் எட்டு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும்.

எழுதி முடித்து, ஒரே ஒரு பெயரை வைத்து ஓட்டிப் பார்த்தேன். என் பெயர். வேறு எதையும் வைத்திருக்கலாம். ஆனால் மறுநாள் எனக்குப் பிறந்தநாள். சிவப்பு எழுத்தில் என் பெயர் ஓடுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. சரியாக ஓடியது. பிறகு பெட்டியில் கிடந்த எட்டுச் சீட்டையும் பார்த்துக் கார்டில் அடித்தேன். என் பெயரை அழிக்காமல் கடைசி வரியில் விட்டுவைத்தேன். கடைசிப் பெயருக்குச் சீட்டு இருக்கிறதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்.

ஞாயிறு காலை அண்ணனிடமிருந்து வசனம் வந்தது. வசனம் மட்டும். அம்மா எடுத்துக்கொடுத்த பச்சைப் பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன்.

பிறந்தநாள் ஜெபத்துக்குப் போர்டைப் போட்டார்கள். முதலாவதாகவே 'ஸ்மைலின்' என்று ஓடியது. இரண்டாவதும் ஸ்மைலின். மூன்றாவதும். நான்காவது ஓடும்போது எனக்கு விளங்கிவிட்டது. வாசிக்கிற பெயர்களையெல்லாம் ஒரே இடத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஒவ்வொரு பெயரும் முந்தின பெயரை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறது. பட்டியலில் ஒன்பது விலாசம், ஒன்பதும் ஒரே வீடு. அந்த வீட்டுக்குக் கடைசியாக வந்தவள் நான். ஒற்றைப் பெயரை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை ஒருநாளும் தெரியாது. இருபது வருஷ சர்வீஸ், வெட்கக்கேடு.

ஆறாவது ஸ்மைலினுக்குப் பிள்ளைகள் வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஒன்பதாவதுக்குப் போதகரே சிரித்துவிட்டார். பிறகு மாமாவிடம் சீட்டுகளை வாங்கி, எட்டுப் பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஜெபித்தார். நான் இடத்தைவிட்டு எழவில்லை.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் என்னிடம் வந்தார்கள். இத்தனை பேர் என்னிடம் வந்து பேசி மாதக்கணக்காகிறது.

"ஏட்டி, ஒனக்கு மட்டும் ஒம்பது பிறந்தநாளாக்கும்" என்று பக்கத்து வீட்டு பெபிஷா கையைப் பிடித்துக் குலுக்கினாள். "ஹேப்பி பர்த்டே, கேட்டியா."

விளையாட்டுக்குத்தான். பின்னால் வந்தவர்களும் அதையே சொல்லிக் குலுக்கிவிட்டுப் போனார்கள். இருபது பேராவது வாழ்த்தியிருப்பார்கள். ஒருவர்கூட இன்றைக்கு என்ன தேதி என்று யோசிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, சிரித்துச் சமாளித்தேன்.

கடைசியாக சத்தியநேசன் மாமா வந்தார். கையில் அந்த எட்டுச் சீட்டு.

"டெஸ்ட் பண்ண உன் பேரப் போட்டிருப்ப. எடுக்க ஓர்மையில்ல. அப்படித்தான?"

நல்ல மனுஷர். எனக்குத் தப்பிக்க வழி விட்டார். இல்லை மாமா, இன்றைக்கு எனக்குப் பிறந்தநாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால், சீட்டை யார் எழுதினார்கள் என்று கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் பெபிஷா கேட்பாள்.

"ஆமா மாமா. ஓர்மையில்ல" என்றேன்.

"செரி. இப்பமே செரி பண்ணி ஓட்டிக் காட்டு. உன் பேர எடுத்திரு."

ஆலயம் காலியானது. மாமா ஒவ்வொரு ஃபேனாக அணைத்துக்கொண்டு வந்தார். நான் முன்வரிசை பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலை. வருகிற ஒவ்வொரு பெயருக்கும் தனி இடம் ஒதுக்கி, அங்கே நகலெடுத்து வைத்து, அந்த விலாசத்தைப் பட்டியலில் எழுதச் செய்தேன். ஒன்பது பெயருக்கு ஒன்பது இடம். கார்டில் கடைசி வரியை அழிக்கப் போனேன். விரல் வரவில்லை. இந்த வருஷம் என் பெயரை எங்கேயாவது எழுதியது நான் ஒருத்திதான். அதையும் நானே அழிக்க வேண்டுமா.

அழிக்கவில்லை. ஃபங்ஷனிடம் சொல்கிற எண்ணிக்கையை மட்டும், இன்றைக்கு எட்டு என்று கையால் எழுதினேன்.

போர்டு ஓடியது. அஜிஷா, எபிசன், பிரிஜா என்று ஒவ்வொருவராக வந்து போனார்கள். மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டாவது பெயர் ஓடி முடிந்ததும் போர்டு காலியாக நின்றது.

"இப்ப செரி. உன் பேரு போச்சு பாத்தியா" என்றார் மாமா.

போகவில்லை. போர்டின் மெமரியில், எட்டுக்கு அடுத்த இடத்தில், என் விலாசத்தில், என் பெயர் அப்படியே இருந்தது. அந்த வீடுவரை போக வேண்டாம் என்று ஃபங்ஷனிடம் நான்தான் சொல்லியிருந்தேன். கரண்ட் இருக்கிறவரை அது அங்கே இருக்கும்.

மாமா மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார்.

"வா மக்ளே, பூட்டணும்."